கணனிக்குக் கையால் முகவரி எழுதும்போது

இடம்பெயர்ந்த குடும்பம் ஒவ்வொன்றிடமும் ஒரு பொலித்தீன் பை இருப்பதை நாம் அறிவோம். காணி உறுதியின் பிரதி, குடும்ப அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், கிராம அலுவலர் கொடுத்த கடிதம் என எல்லாம் அதற்குள்ளேதான். எத்தனை இடம் மாறினாலும் அந்தப் பை கூடவே வரும். அண்மைக் காலமாக அந்தப் பையுடன் எமது நிலையத்துக்கு வருவோர் தொகை கூடியுள்ளது. உறுதியை ஸ்கான் செய்து வெளிநாட்டிலுள்ள சகோதரனுக்கு அனுப்ப வேண்டும். பிள்ளையின் பரீட்சை முடிவைப் பார்க்க வேண்டும். திணைக்களம் ஒன்றின் விண்ணப்பப் படிவத்தை எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அவர்கள் நம்பி வருவது மூலையிலிருக்கும் ஒரு பழைய கணனியை. அது இணையத்தோடு தொடர்பு கொள்ளாது நின்றுவிட்டால் பஸ் காசும் ஒருநாட் கூலியும் போனதுதான் மிச்சம்.

இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்ட விடயம் கமத்துக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றலாம். உரம், விதைநெல், கிணறு இறைத்தல் பற்றி எழுதும் பக்கத்தில் கணனியின் முகவரிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் இருப்பர். ஆனால் நிலையங்களை இன்று பொறுப்பேற்று நடத்துவோர் உங்கள் பிள்ளைகளே. சாதாரண தரமோ உயர்தரமோ முடித்துவிட்டு, சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு சிறு தொகைக்கு, அவர்கள் அந்தக் கணனிகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் அடிக்கடி இடறி விழும் ஒரு குழியைப் பற்றியே இங்கு சொல்ல முனைகின்றோம்.

மைக்றோசொஃப்ற் நிறுவனம் விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் முடித்துக்கொண்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11 ஐ ஏற்கும் தகுதி எமக்கு அன்பளிப்பாக வந்த பழைய கணனிகள் பலவற்றுக்கு இல்லை. அவற்றை எறிந்துவிட மனமில்லாதபடியால் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த டெபியன் என்னும் முறைமையை அவற்றில் நிறுவத் தொடங்கினோம். 1993 இல் இயன் மேர்டொக் என்பவர் தொடங்கிவைத்த டெபியன், உலகெங்கும் உள்ள தொண்டர்களால் பேணப்பட்டு வருவது. காசு கொடுக்கத் தேவையில்லை. பழைய இயந்திரங்களிலும் ஓடும். நிறுவும்போது திரையில் தோன்றும் வினாக்களைத் தமிழிலேயே பார்க்கவும் வழியுண்டு.

மொழி, நாடு, விசைப்பலகை என்ற முதல் வினாக்களைக் கடந்தவுடன் நிறுவி தானாகவே வலையமைப்பைத் தேடும். பெரும்பாலான இடங்களில் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். சில இடங்களில் மட்டும், தானியங்கி அமைப்பு வெற்றியளிக்கவில்லை என்ற அறிவித்தல் வந்து நிற்கும். அதன் கீழே, மீண்டும் முயல்க, கையால் அமைக்க, இப்பொழுது வலையமைப்பை அமைக்க வேண்டாம் என்ற தெரிவுகள் இருக்கும். எமது இளைஞர்கள் அநேகமாகக் கையால் அமைப்பதையே தெரிவார்கள். தானாக நடக்காததைக் கையால் செய்துவிடலாம் என்று எண்ணுவது இயல்புதானே. நாமும் அதையே செய்தோம்.

நடந்தது இதுதான். எமது நிலையம் முன்பு நலன்புரி முகாமுக்கு அருகில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இயங்கியது. மக்கள் மீளக்குடியமர்ந்தபோது நிலையமும் அவர்களோடு புறப்பட்டு, கோயிலுக்குப் பக்கத்திலுள்ள சிறு கட்டடத்துக்கு வந்தது. மேசை, கதிரை, கணனிகளோடு ஒரு கொப்பியும் வந்தது. அதில் பழைய இடத்தில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதிவைத்த இலக்கங்கள் இருந்தன: கணனிக்கு 192.168.8.20, வெளிவாசலுக்கு 192.168.8.1. புதிய இடத்தில் வேறொரு றவுட்டர். அங்கு கணனிகள் தானியங்கி முறையிலேயே இலக்கம் பெற்றுக்கொண்டபடியால் கொப்பியை எவரும் திறந்து பார்க்கவில்லை.

டெபியன் நிறுவிய நாளன்று தானியங்கி அமைப்பு தவறிவிட்டது. நாம் கொப்பியைத் தேடி எடுத்தோம். அதிலிருந்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் திரையில் எழுதினோம். நிறுவி எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டது. இது எமக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதன் பின்பு மென்பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் களஞ்சியத்தைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று வந்தது. களஞ்சியத்தில்தான் பிழை என்று நினைத்து வேறு நாட்டுக் களஞ்சியம் ஒன்றைத் தெரிந்தோம். அதுவும் சரிவரவில்லை. பின்னர் இன்னொரு நாடு. பின்னர் முழுவதையும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கினோம். இப்படியே இரண்டு நாட்கள் கழிந்தன. இரண்டாம் நாள் காலையில் நடமாடும் சேவைக்குக் கொண்டுபோக உறுதியின் பிரதி வேண்டும் என்று ஒரு தாய் வந்து பின்னேரம் வரை வாங்கில் இருந்தார். அவருடைய உறுதியை ஸ்கான் செய்து வைத்திருந்தது மின்னஞ்சலில். கடைசியில் அவர் மாலை பஸ்ஸில் நகரத்துக்குப் போய், ஒரு கொமினிகேஷனில் காசு கொடுத்து அதே மின்னஞ்சலைத் திறப்பித்து அச்சிட்டுக்கொண்டார். எம்மீது அவர் கோபிக்கவில்லை. “பறவாயில்லை பாதர், நீங்கள் என்ன செய்யிறது” என்றுதான் சொன்னார். அது கோபித்ததை விடக் கனமாக இருந்தது.

எங்கே பிழைத்தோம் என்பதை விளங்கிக்கொள்ள, திரை கேட்கும் நான்கு இலக்கங்கள் என்னவென்று அறியவேண்டும். குருமடத்தில் எமக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள், இதைக் கற்பிக்கவில்லை. ஆகவே எமக்கு விளங்கிய முறையிலேயே சொல்கின்றோம்.

வளவும் வேலியும் படலையும்

முதலாவது இலக்கம் கணனியின் சொந்த முகவரி. இதை ஐ.பி. முகவரி என்பர். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 இலிருந்து 255 வரை இருக்கலாம். உதாரணமாக 192.168.1.20. ஒரு பெரிய வளவுக்குள் அண்ணன், தம்பி, சித்தப்பா குடும்பங்கள் தனித்தனி வீடு கட்டி இருப்பது போலவே ஒரு நிலையத்தின் கணனிகளும் இருக்கின்றன. முகவரி என்பது எந்த வளவு, அதற்குள் எந்த வீடு என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்வது.

இரண்டாவது நெற்மாஸ்க். இதுதான் பலருக்கும் விளங்காதது. இதை வேலி என்று கொள்ளுங்கள். 255.255.255.0 என்று எழுதினால், முகவரியின் முதல் மூன்று எண்களும் ஒத்திருப்பவர்கள் எல்லோரும் எனது வேலிக்குள்ளே இருப்பவர்கள், கடைசி எண் மட்டுமே வீட்டுக்கு வீடு மாறும் என்று பொருள். 192.168.1.20 உம் 192.168.1.75 உம் ஒரே வளவு. 192.168.8.20 வேறு வளவு. இந்த வேலிக்குள் 256 இலக்கங்கள் உண்டு. அவற்றில் 0 வளவையே குறிக்கும்; 255 வளவிலுள்ள எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிடுவதற்கு உரியது. மிகுதி 254 ஐயே வீடுகளுக்குக் கொடுக்கலாம். சில வேளைகளில் முகவரியின் பின்னால் சாய்கோடு போட்டு 24 என்று எழுதியிருப்பதைக் காண்பீர்கள். அதுவும் இதே வேலிதான். எழுதும் முறை மட்டும் வேறு.

மூன்றாவது கேற்வே. இது படலை. வேலிக்குள் இருப்பவரோடு பேசக் கணனிக்குப் படலை தேவையில்லை. நேரே போய்க் கூப்பிடும். வெளியே போகவேண்டுமானால் படலையால்தான் போகவேண்டும். எமது நிலையங்களில் படலை என்பது றவுட்டர். படலை வேலியில்தானே இருக்கவேண்டும்? ஆகவே கேற்வேயின் இலக்கமும் அதே வளவுக்குரியதாக இருத்தல் அவசியம். கணனிக்கு 192.168.0.20 என்று எழுதி, வேலியை 255.255.255.0 என்று போட்டு, படலையை 192.168.1.1 என்று எழுதினால், பக்கத்து வளவுப் படலையால் வெளியே போக முயல்வது போலாகும். டெபியன் நிறுவி இந்தப் பிழையைக் கண்டுபிடித்து, கேற்வேயை அடையமுடியாது என்று அறிவிக்கும்.

ஆனால் அது கணக்குப் பார்த்து மட்டுமே சொல்கிறது. எழுதிய மூன்று இலக்கங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கிறதே தவிர, அப்படி ஒரு படலை அந்த இடத்தில் உண்மையில் இருக்கிறதா என்று போய்த் தட்டிப் பார்ப்பதில்லை. எமது கொப்பியிலிருந்த முகவரியும் வேலியும் படலையும் ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்தின. அவை மூன்றும் பழைய மண்டபத்துக்கு உரியவை. புதிய கட்டடத்தின் றவுட்டரோ 192.168.1.1 இல் இருந்தது. இல்லாத வளவின் இல்லாத படலையை நோக்கி எமது கணனி இரண்டு நாட்களாக நடந்துகொண்டிருந்தது.

நான்காவது டி.என்.எஸ். இலக்கம். நாம் இணையத்தில் ஓர் இடத்துக்குப் போகப் பெயரை எழுதுகின்றோம். கணனிக்கோ இலக்கம் வேண்டும். இன்னார் வீடு எங்கே என்று கேட்டால் வழிகாட்டும் விதானையாரைப் போல, பெயரைச் சொன்னால் இலக்கத்தைச் சொல்பவர்தான் இவர். பழைய நாட்களில் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்பவரின் குழுவினர் எல்லாக் கணனிகளின் பெயர்களையும் இலக்கங்களையும் ஒரே பட்டியலாக வைத்திருந்தனர். கணனிகள் பெருகியபோது ஒரு பட்டியலால் சமாளிக்க முடியாது போயிற்று. 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் என்பவர், பல விதானைமார் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் இன்றைய ஒழுங்கை வகுத்தார்.

அந்நாட்களில் ஒவ்வொரு கணனிக்கும் இலக்கத்தைக் கையால் எழுதுவதே வழக்கம். 1993 இல் டி.எச்.சி.பி. என்ற ஒழுங்கு வெளிவந்தது. கணனி தன்னை இயக்கியவுடன், “எனக்கு ஓர் இலக்கம் தருவார் உண்டோ?” என்று வளவு முழுவதும் கேட்கக் கூப்பிடும், றவுட்டர் நான்கு இலக்கங்களையும் எடுத்துக் கொடுக்கும். கொடுப்பது குறிப்பிட்ட காலத்துக்குத்தான், குத்தகைக் காணி போல. வேறு இடத்துக்குப் போனால் அங்குள்ள றவுட்டர் அவ்விடத்துக்குரியதைக் கொடுக்கும்.

192.168 என்று தொடங்கும் இலக்கங்கள் எல்லா ஊர்களிலும் இருப்பது ஏன் என்று ஒரு மாணவன் எம்மைக் கேட்டான். நல்ல கேள்வி. உலகத்துக்கென வகுக்கப்பட்ட இவ்வகை இலக்கங்கள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடியே. அவை போதாது வரும் என்று கண்டு, 1994 இல் சில தொகுதிகளை வேலிக்கு உள்ளே மட்டும் பாவிப்பதற்கென ஒதுக்கினர். 10 இல் தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரை தொடங்குவன, 192.168 இல் தொடங்குவன ஆகியவை அவை. எல்லா ஊரிலும் ஒரு கோயில் வீதி இருப்பது போல எல்லா வீடுகளிலும் ஒரு 192.168.1.1 இருக்கலாம். 2011 பெப்ரவரியில் பொதுத் தொகுதிகளின் கடைசிப் பங்கும் பிராந்தியங்களுக்குப் பகிர்ந்து கொடுத்து முடிந்தது. இதைவிட நீண்ட புதுவகை இலக்கங்களும் இப்போது பாவனையில் உள்ளன. அதைப் பற்றி இன்னொரு முறை பார்க்கலாம்.

முதலில் வயரைப் பாருங்கள்

எமது கதையில் இன்னொரு பகுதி உண்டு. தானியங்கி அமைப்பு முதலில் ஏன் தவறியது? வயரின் நுனியிலுள்ள பிளாஸ்ரிக் கொளுக்கி உடைந்து, அது துளைக்குள் சரியாக அமராமல் இருந்தது. அவ்வளவுதான். நாம் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்த வேளை யாரோ மேசையைத் தள்ளியிருக்க வேண்டும். வயர் தானாகவே சரியாகிவிட்டது. அப்போது நாம் மீண்டும் முயல்க என்பதைத் தெரிந்திருந்தால் அந்த நிமிடமே வேலை முடிந்திருக்கும். பிழை வயரிலிருந்து எமது கைக்கு மாறியது எமக்குத் தெரியவில்லை.

ஆகவே அந்த அறிவித்தலைக் கண்டவுடன் விசைப்பலகையில் கை வைக்க வேண்டாம். எழுந்து போய்க் கணனியின் பின்புறத்தைப் பாருங்கள். வயர் செருகியுள்ள துளையின் அருகில் ஒரு சிறு வெளிச்சம் எரிய வேண்டும் அல்லது மினுங்க வேண்டும். எரியாவிட்டால் எந்த இலக்கத்தை எழுதியும் பயனில்லை. வாய்க்காலில் தண்ணீர் வராதபோது பாத்தி கட்டி என்ன பயன்? றவுட்டர் பக்கத்திலும் பாருங்கள். அதிலுள்ள துளைகளில் ஒன்று பெரும்பாலும் வேறு நிறத்தில் அல்லது சற்று விலகி இருக்கும். அது வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு உரியது. எமது கணனிகளை அதில் செருகக் கூடாது. பிள்ளைகள் கூட்டித் துடைத்துவிட்டு வயரை மாற்றிச் செருகிவிடுவது எமது நிலையத்தில் அடிக்கடி நடப்பது.

கணனியில் வயர் இணைப்பும் வயரில்லா இணைப்பும் இரண்டும் இருந்தால் எதை முதன்மையாகக் கொள்வது என்று நிறுவி கேட்கும். பெயர்கள் விளங்காத எழுத்துக்களாக இருக்கும். ஆங்கிலத்தில் ஈ என்ற எழுத்தில் தொடங்குவது வயர் இணைப்பு. டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்குவது வயரில்லாதது. வயரைச் செருகிவிட்டு மற்றதைத் தெரிந்தவர்களையும் கண்டிருக்கின்றோம். வயரில்லா இணைப்பு முன்னர் பெரும் தொல்லை தந்தது. அதற்குரிய சிறப்பு மென்பொருள்கள் டெபியனின் நிறுவல் தட்டில் சேர்க்கப்படவில்லை. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 இலிருந்து அவை சேர்ந்தே வருகின்றன. ஆதலால் பழைய தட்டு யாரிடமாவது இருந்தால் அதைப் பாவிக்காமல் புதியதை எடுத்துக்கொள்வது நல்லது.

கையால் எழுதியே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. பாடங்கள் சேமித்து வைத்திருக்கும் பொதுக் கணனிக்கும், எல்லோரும் பாவிக்கும் அச்சுப்பொறிக்கும் நிலையான இலக்கம் வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் அவற்றைத் தேடித் திரிய நேரிடும். சில அலுவலகங்களில் தானியங்கி முறையை நிறுத்தியே வைத்திருப்பர். அத்தகைய இடத்தில், அந்த இடத்திலேயே சரியாக இயங்கிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்த்து எழுதுவதே வழி. ஊகிக்கக் கூடாது, வேறு ஊர்க் கொப்பியைப் பார்க்கக் கூடாது, புத்தகத்தில் உதாரணமாகப் போட்டிருப்பதையும், இக்கட்டுரையில் நாம் போட்டிருப்பதையும் எழுதக் கூடாது.

பார்ப்பது கடினமில்லை. நிலையத்தின் வைஃபை உடன் இணைந்திருக்கும் ஓர் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியை எடுத்து, அந்த இணைப்பின் விபரத்தைத் திறந்தால் முகவரி, நெற்மாஸ்க், கேற்வே, டி.என்.எஸ். ஆகியவை தெரியும். எமது இரண்டு நாள் அவதியும் இப்படித்தான் முடிந்தது. தொலைபேசியில் மூன்றாவது எண் 1 என்றிருந்தது, கொப்பியில் 8. விண்டோஸ் உள்ள கணனியானால் கட்டளைத் திரையில் ஐபி-கொன்ஃபிக் என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஓல் என்று எழுதினால் யாவும் வரும். ஆனால் பழைய விண்டோஸை அழித்த பிறகுதான் பலருக்கு இந்த இலக்கங்களின் நினைவு வருகிறது! அழிக்க முன் எழுதிவையுங்கள். அத்தோடு, மக்கள் ஸ்கான் செய்து வைத்த உறுதிகளும் படங்களும் அந்தக் கணனியில் இருந்தால் முதலில் அவற்றை வேறிடத்தில் பிரதி எடுங்கள். இலக்கம் பிழைத்தால் திருத்தலாம். அழிந்த உறுதிப் பிரதியைத் திருத்த முடியாது.

169.254 என்று தொடங்கும் இலக்கத்தைக் கண்டால் அதைக் கொப்பியில் ஏற்ற வேண்டாம். கூப்பிட்டுப் பார்த்து எவரும் பதில் சொல்லாதபோது கணனி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் இலக்கம் அது. அந்தக் கணனியே இணைப்பில்லாமல் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

யாருமில்லாத வீட்டிலக்கம்

தொலைபேசியில் பார்த்த முகவரியை அப்படியே புதிய கணனிக்கும் எழுதிவிடுவது மற்றொரு தவறு. வேலி, படலை, விதானையார் மூன்றும் பொது. வீட்டிலக்கம் மட்டும் தனித்தனி. ஒரே இலக்கத்தை இரண்டு கணனிகள் வைத்துக்கொண்டால் இணைப்பு வரும், போகும், வரும், போகும். காலையில் இயங்கியது மதியம் இயங்காது. இதைப் போல் ஆட்களைப் பைத்தியமாக்கும் பிழை வேறில்லை. அதைவிடப் பெரிய தவறு, படலையின் இலக்கத்தையே தனது முகவரியாக எழுதுவது. அப்படிச் செய்தால் அந்தக் கணனிக்கு மட்டுமல்ல, நிலையம் முழுவதற்குமே இணைப்புப் போய்விடலாம். மற்றவர்கள் படலையைத் தேடி இவருடைய வீட்டுக்குள் வந்து நிற்பார்கள்.

வெறுமையான இலக்கத்தைத் தெரிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. றவுட்டர் தான் பங்கிட்டுக் கொடுப்பதற்கென ஒரு வரிசையை வைத்திருக்கும். உதாரணமாக 100 இலிருந்து 199 வரை. அந்த வரிசைக்கு வெளியே ஓர் எண்ணை எடுக்க வேண்டும். உள்ளே எடுத்தால் இன்றைக்குப் பிரச்சினை இல்லாதிருக்கலாம், நாளைக்கு றவுட்டர் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வரிசை எதுவென்று றவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பார்க்கலாம். பிங் என்ற கட்டளையால் அந்த இலக்கத்தைக் கூப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. பதில் வந்தால் அங்கே ஆள் இருக்கிறார், விட்டுவிட வேண்டும். பதில் வராவிட்டால் ஆளில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் கணனி நிறுத்தப்பட்டிருக்கலாம். பதில் சொல்லாதபடி காவல் போட்டிருக்கவும் கூடும். வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து உரிமையாளர் இல்லை என்று முடிவு செய்வது எவ்வளவு பிழை என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

கேற்வேயைக் கேட்கும் இடத்தில் நிறுவி தானாகவே 1 இல் முடியும் ஓர் இலக்கத்தை ஊகித்து எழுதிவைத்திருக்கும். பல இடங்களில் அது சரியே. சில றவுட்டர்கள் 254 இல் இருக்கும். எழுதியிருப்பதை வாசிக்காமல் அமுக்கிக்கொண்டு போனால் அங்கே பிழைக்கும். டி.என்.எஸ். இலக்கங்கள் ஒன்றுக்கு மேற்பட்டால் இடையில் வெற்றிடம் விடவேண்டும். கமா போடக் கூடாது. சிறு நிலையங்களில் றவுட்டரின் இலக்கத்தையே இங்கும் எழுதலாம், அது கேள்வியை மேலே அனுப்பிப் பதிலை வாங்கித் தரும். அல்லது எல்லோருக்கும் பொதுவான 8.8.8.8 அல்லது 9.9.9.9 ஐ எழுதலாம். 8.8.8.8 ஐப் பிங் செய்தால் பதில் வருகிறது, பெயரை எழுதினால் மட்டும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் முதல் மூன்று இலக்கங்களும் சரி, விதானையாரிடம்தான் கோளாறு என்று அறியலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் உலாவியில் பக்கங்கள் பாதுகாப்பற்றவை என்று மறுக்கப்படுமானால் கணனியின் திகதியைப் பாருங்கள். பழைய கணனிகளில் உள்ளிருக்கும் சிறு பற்றரி செத்துப்போய், ஆண்டு பத்துப் பதினைந்து வருடம் பின்னால் நிற்கும். இதற்கும் இலக்கங்களுக்கும் தொடர்பில்லை. பாவம், இலக்கங்களைத்தான் எல்லோரும் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

எமது அபிப்பிராயம் என்னவெனில், நிறுவும் வேளையில் இந்த இலக்கங்களோடு போராடத் தேவையே இல்லை. டெபியனின் சிறிய நிறுவல் கோப்பு மிகுதியை இணையத்திலிருந்தே எடுக்கும். அதனாலேயே வலையமைப்பு அமையாதபோது எல்லாம் தடைப்படுகிறது. அதற்குப் பதிலாக டீ.வி.டி. அளவிலான முழுக்கோப்பை, நல்ல இணைப்புள்ள ஓரிடத்தில் ஒருமுறை எடுத்து 8 ஜிகாபைற் பென் ட்ரைவ் ஒன்றில் வைத்துக்கொண்டால், வலையமைப்பை இப்பொழுது அமைக்க வேண்டாம் என்று தெரிந்துவிட்டு, இணையமின்றியே நிறுவி முடிக்கலாம். பின்னர் திரை முழுமையாக வந்தபின் அமைப்புப் பகுதியில் இலக்கங்களை ஆறுதலாக எழுதி, பிழைத்தால் திருத்தி, திரும்பவும் பார்க்கலாம். அவசரத்துக்கு அன்ட்ரொயிட் தொலைபேசியைக் கேபிளால் இணைத்து அதன் இணைய இணைப்பைக் கணனிக்குப் பகிர்ந்தால், பல வேளைகளில் நிறுவி அதை வயர் இணைப்பாகவே கண்டு தானாக இலக்கம் பெற்றுக்கொள்ளும்.

நிறுவிக்கொண்டிருக்கும்போது பிழை தெரிந்தாலும் முழுவதையும் நிறுத்த வேண்டியதில்லை. பின்செல்க என்பதை அமுக்கிப் பிரதான பட்டியலுக்கு வந்தால் வலையமைப்பை அமைக்கும் படியை மட்டும் மீண்டும் செய்யலாம். இதை அறியாமல் நாம் நான்கு தடவை முதலிலிருந்து தொடங்கினோம்.

கையால் எழுதிய இலக்கம் கணனியோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோனாலும் அது பழைய வளவின் முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். நிலையம் இடம் மாறும்போது அமைப்புப் பகுதிக்குப் போய்த் தானியங்கி முறைக்கு மாற்றவேண்டும், அல்லது புதிய இடத்து இலக்கங்களை எழுதவேண்டும்.

பழைய கொப்பியை நாம் எறியவில்லை. அதன் முதற் பக்கத்தில் எந்த மண்டபம், எந்தத் திகதி, எந்த றவுட்டர் என்று எழுதிக் குறுக்கே ஒரு கோடு போட்டோம். அடுத்த பக்கத்தில் புதிய கட்டடத்தின் பெயரும் திகதியும், அதன் கீழ் படலை, வேலி, விதானையார், பின்பு ஒவ்வொரு கணனியின் வீட்டிலக்கமும். அச்சுப்பொறிக்கு 50, பொதுக் கணனிக்கு 51. கொப்பி இப்போது றவுட்டருக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வயரின் உடைந்த நுனியையும் மாற்றிவிட்டோம்.